பி.எம். இ-வித்யா: இணையம் இல்லாத வீட்டிலும் பாடம் பார்க்க

பள்ளிப் பாடங்களை டிவி, கைபேசி, வானொலி என்று பல வழிகளில் பிள்ளைகளுக்குக் கொண்டுசேர்க்க, ஒன்றிய அரசு 2020 மே மாதம் அறிவித்த திட்டம் பி.எம். இ-வித்யா. முதலில் வகுப்புக்கு ஒன்றாக 12 டிவி சேனல்கள். 2022 பட்ஜெட்டில் அதை 200 ஆக்குவதாக அறிவித்தார்கள். மாநில மொழிகளிலும் பாடம் வர வேண்டும் என்பதே அந்த விரிவாக்கத்தின் நோக்கம்.

இதில் ஏழை வீட்டுக்கு அதிகம் உதவுவது டிவிதான். சேனல்கள் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வருகின்றன. மாதக் கட்டணம் கிடையாது, டேட்டா தேவையில்லை. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும்.

பலருக்கும் சேனல் கிடைக்காமல் போவது இந்தப் பாக்ஸால்தான். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2, எம்பெக்-4 என இரண்டு வகை ஒளிபரப்பு உண்டு. கல்விச் சேனல்கள் எம்பெக்-4இல் இருக்கின்றன. பழைய எம்பெக்-2 பாக்ஸில் எத்தனை முறை தேடினாலும் அவை வராது. டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பதும் வீண். வாங்கும்போதே எம்பெக்-4 பாக்ஸ்தானா என்று கேட்டு, கடையிலேயே ஒரு கல்விச் சேனலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரியான பாக்ஸ் இருந்தும் வரவில்லையா? மெனுவில் 'ஆட்டோ ஸ்கேன்' கொடுங்கள். பிறகு சேர்க்கப்பட்ட சேனல்கள், மறுபடி ஸ்கேன் செய்யாமல் பட்டியலில் வராது. அதற்கும் மசியவில்லை என்றால் டிஷ்ஷைப் பாருங்கள். செயற்கைக்கோள் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். அந்தத் திசையில் தென்னை மட்டை மறைத்தாலும் படம் உடையும். பெருமழையின்போது சிக்னல் போவது இயல்பு, மழை விட்டதும் தானே வந்துவிடும்.

ஒளிபரப்பைத் தவறவிட்டால் பின்னால் ஓட்டிப் பார்க்க முடியாது. அங்கேதான் இதே திட்டத்தில் வரும் திக்‌ஷா செயலி கைகொடுக்கிறது. பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீட்டைச் செயலியால் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கும். குறியீடு அழிந்துபோயிருந்தாலோ கேமரா மங்கலாக இருந்தாலோ, அதன் கீழே அச்சிட்டுள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டச்சு செய்யலாம். வைஃபை கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கி வைத்தால், வீட்டில் நெட் இல்லாமலே ஓடும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிகள் இதை வகுப்பிலேயே செய்துகாட்டுவது நல்லது.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி வேறு. அது 2019 ஆகஸ்டில் தொடங்கியது. கேபிளிலும் யூடியூபிலும் வருகிறது. தமிழ்வழி மாணவர்கள் அதையும் சேர்த்தே பார்க்கலாம்.

காது கேளாத பிள்ளைகளுக்கு இந்திய சைகை மொழியில் தனிச் சேனலே உண்டு: பி.எம். இ-வித்யா வரிசையில் எண் 31. 2024 டிசம்பர் 6 முதல் ஒளிபரப்பாகிறது. 31 என்பது திட்டத்துக்குள் உள்ள எண். உங்கள் ரிமோட்டில் அந்த எண்ணிலேயே வரும் என்பதில்லை, ஸ்கேன் முடிந்ததும் சேனல் பெயரைப் பார்த்துத் தேடுங்கள்.