டார்மாக்: விமானம் நிற்கும் தரைக்குத் தமிழில் என்ன சொல்வது?

விமானம் தாமதம் என்று செய்தி வந்தாலே 'பயணிகள் டார்மாக்கில் காத்திருந்தனர்' என்று ஒரு வரி கூடவே வந்துவிடுகிறது. ஆனால் பெரிய விமான நிலையங்களில் விமானம் நிற்கிற தரை பெரும்பாலும் கான்கிரீட்தான், அதில் தார் கிடையாது.

சொல் பிறந்தது சாலையில். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் லவுடன் மெக்காடம் (1756–1836) சிறிய உடைகற்களை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கிச் சாலை போடும் முறையைக் கொண்டுவந்தார், அந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. குதிரை வண்டிக்கு அது போதும். மோட்டார் வண்டி வந்ததும் ஒரே புழுதி, கல்லும் பெயர்ந்தது. இங்கிலாந்தில் எட்கர் பர்னல் ஹூலி என்பவர் இரும்பு உலைக் கசடைத் தாரோடு கலந்து போடும் முறைக்கு 1902இல் காப்புரிமை வாங்கினார். தாரும் மெக்காடமும் சேர்ந்து, சுருங்கி, டார்மாக். அப்படிப் பார்த்தால் இதற்குத் தமிழ் 'தார்ச்சாலை'தான், புதிதாக எதுவும் தேட வேண்டாம். (தார் என்பதே ஆங்கிலத்திலிருந்து வந்தது, நம் பழைய சொல் கீல். இன்று சாலையில் போடும் பிட்டுமன் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதற்கு நிலக்கீல் என்ற அருமையான சொல் இருக்கிறது.)

சரி, விமானம் நிற்கும் இடத்தில் ஏன் பெரும்பாலும் நிலக்கீல் போடுவதில்லை? எரிபொருள் சிந்தினால் அது கரைந்து இளகிவிடும். கடும் வெயிலிலும் இளகும். 2012 ஜூலையில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில், வெப்பம் சுமார் 38 டிகிரி இருந்த நாளில், புறப்படக் காத்திருந்த ஒரு சிறிய ஜெட்டின் சக்கரங்கள் தரையில் புதைந்து, பயணிகளை இறக்கிவிட்டுப் பெரிய இழுவை வண்டி கொண்டுவந்து இழுக்க வேண்டியதாயிற்று.

கான்கிரீட்டுக்கும் அதற்கே உரிய கோளாறு உண்டு. பாளம் பாளமாக வார்த்த தளத்தில் இணைப்பு ஓரங்கள் நாளடைவில் உடைந்து சில்லு சில்லாகப் பெயரும், இடுக்கில் அடைத்த பசையும் கிளம்பி வரும். போயிங் 737இன் எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே அரை மீட்டர்தான் இடைவெளி, அதனால் விமானம் ஊர்ந்து போகும்போது கிடக்கிற சில்லை எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டால் விசிறித் தகடு நெளிந்துவிடும். அப்புறம், முன்னால் திரும்புகிற விமானத்தின் எஞ்சின் காற்று அதே சில்லைப் பின்னால் நிற்பவர்கள் மேல் வீசியடிக்கும். கழன்ற திருகு, பெட்டியிலிருந்து உடைந்த சக்கரம் என்று தரையில் கிடக்கக் கூடாத எல்லாவற்றையும் எஃப்.ஓ.டி. (ஃபாரின் ஆப்ஜெக்ட் டெப்ரி) என்கிறார்கள். தமிழில் 'அயற்பொருள்' என்றால் தெளிவாகவே இருக்கிறது. ஊழியர்கள் வரிசையாக நடந்து, குனிந்து, கையாலேயே பொறுக்குகிறார்கள்.

இதனால்தான் தரையின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்கிறேன். விமானம் நின்று ஆளும் சரக்கும் ஏறி இறங்கும் இடத்துக்குச் சர்வதேச விதிகளில் உள்ள பெயர் ஏப்ரன், அமெரிக்கர்களுக்கு ராம்ப். தமிழில் நிறுத்துதளம். விமானம் மேலெழும்புவதும் தரையிறங்குவதும் ஓடுதளம், இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து போவது இணைப்புப்பாதை. இவற்றின் மேல்பரப்பைக் குறிக்கும் பேவ்மென்ட்டை 'நடைபாதை' என்று பெயர்ப்பது தப்பு. கல் பாவுதல் என்கிறோமே, அந்த வினையிலிருந்து 'பாவுதளம்' என்று வைத்துக்கொள்ளலாம். இனி செய்தி எழுதுபவர்கள் 'விமானம் நிறுத்துதளத்தில் நின்றது' என்றோ 'இணைப்புப்பாதையில் நின்றது' என்றோ எழுதினால், அது வாயிலை விட்டுக் கிளம்பியதா இல்லையா என்பதும் படிப்பவருக்குச் சேர்ந்தே தெரிந்துவிடும்.