காத்திருக்காத நிரல்: அதிரடி விளையாட்டுகளுக்குள் ஓடும் காலக் கணக்கு

ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கி, 1978-இல் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 வேற்றுக்கோள் உயிரிகள் பக்கவாட்டில் ஊர்ந்தபடியே கீழே இறங்கி வரும். தொடக்கத்தில் அவை ஆமைபோல நகரும். சுடச்சுட எஞ்சியவற்றின் வேகம் கூடிக்கொண்டே போகும். கடைசியாக மிஞ்சும் ஒன்றோ கைக்கு எளிதில் அகப்படாமல் பறக்கும். அதன் காரணம் இயந்திரத்திலேயே இருந்தது. 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய இன்டெல் 8080 நுண்செயலி, ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒரு படம் நிற்கும் நொடியின் அறுபதில் ஒரு பங்குக்கு, ஓர் உயிரியை மட்டுமே நகர்த்தி வரைந்தது. 55-உம் உயிரோடிருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் மறுபடி முறை வருவதற்கு 55 ஃபிரேம்கள், ஏறத்தாழ 0.9 நொடி, ஆகும். பத்து மட்டும் எஞ்சினால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஆறு முறை நகரும். ஒன்றே ஒன்று எஞ்சினால் ஒவ்வொரு ஃபிரேமும் அதற்கே சொந்தம்.

அதிரடி விளையாட்டு எழுதக் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். படம் வரைவதிலும் ஒலி சேர்ப்பதிலும் தொடங்கும் பாடங்கள் ஆர்வத்தைத் தூண்டும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ஓடுவது, தாவுவது, சுடுவது, மோதுவது ஆகிய அனைத்துக்கும் அடியில் இருப்பது காலம். அதைக் கையாளத் தெரியாமல் எழுதப்பட்ட விளையாட்டு ஒரு கணினியில் ஒழுங்காகவும் இன்னொன்றில் தாறுமாறாகவும் ஓடும்.

கணக்கு வழக்குகளுக்கான நிரலோ தட்டச்சுக்கான நிரலோ நாம் எதையாவது செய்யும்வரை சும்மா இருக்கும். நாம் எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். அதிரடி விளையாட்டு அப்படி நிற்பதில்லை. வீரர் விசையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் எதிரி நடந்துகொண்டும் தோட்டா பறந்துகொண்டும் இருக்க வேண்டும். ஆகவே இந்த நிரலின் நடுவில் முடிவில்லாத ஒரு சுழற்சி ஓடுகிறது. எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது, அதற்கேற்ப ஒவ்வொரு பொருளும் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிடுவது, பழைய காட்சியை அழித்துப் புதிய காட்சியை வரைவது என்று மூன்று வேலைகள், இதே வரிசையில், வழக்கமாக நொடிக்கு அறுபது முறை நடக்கின்றன. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. திரையில் உண்மையில் எதுவும் நகர்வதில்லை. சற்றே இடம் மாறிய படங்கள் அடுத்தடுத்து வருவதைக் கண்தான் அசைவாகக் கோத்துக்கொள்கிறது.

விசைகளைப் பார்ப்பதில் புதியவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ‘விசை அழுத்தப்பட்டது’ என்ற செய்தி வரும்போதெல்லாம் வீரர் ஓட்டும் கப்பலை நகர்த்துமாறு எழுதினால், வலப்பக்க விசையை அழுத்திப் பிடித்ததும் கப்பல் ஒருமுறை துள்ளி, சற்றுத் தயங்கி, பிறகுதான் தொடர்ந்து ஓடும். ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தால் அது முதலில் ஒருமுறை விழுந்து, இடைவெளி விட்டுப் பிறகு வரிசையாக விழுகிறதல்லவா, அதே இயங்குதள வழக்கம்தான் இங்கும் குறுக்கிடுகிறது. எனவே செய்திக்காகக் காத்திராமல், ஒவ்வொரு சுற்றிலும் ‘இந்த விசை இப்போது கீழே இருக்கிறதா’ என்று நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாவுவதுபோல ஓர் அழுத்தத்துக்கு ஒருமுறை மட்டும் நடக்க வேண்டியவற்றுக்குச் செய்தியே பொருத்தமானது.

இனி, காலம். சுற்றுக்கு 5 பிக்சல், அதாவது திரையின் ஐந்து சிறு புள்ளிகள், நகர்த்து என்று எழுதினால், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் கப்பல் நொடிக்கு 300 பிக்சல் கடக்கும். 144 முறை புதுப்பிக்கும் திரையில் அதே கப்பல் 720 பிக்சல் பாயும். இது பழைய நோய். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை நம்பி எழுதப்பட்ட விளையாட்டுகள், பின்னர் வந்த வேகமான கணினிகளில் விளையாடவே முடியாதபடி ஓடின. அந்தக் காலத்துக் கணினிப் பெட்டிகளின் முகப்பில் இருந்த ‘டர்போ’ பொத்தான், பெயருக்கு மாறாக, இத்தகைய நிரல்களுக்காகக் கணினியை மெதுவாக்கவே பெரிதும் பயன்பட்டது. இதற்கு மருந்து எளியது. வேகத்தைச் சுற்றுக்கு இத்தனை என்று சொல்லாமல் நொடிக்கு இத்தனை என்று சொல்லி, முந்தைய சுற்றிலிருந்து கழிந்த நேரத்தால் பெருக்கிவிட்டால், எந்தத் திரையிலும் கப்பல் நொடிக்கு 300 பிக்சலே கடக்கும்.

பெரும்பாலான தொடக்கநிலைப் பாடங்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. தாவும் பாத்திரம் ஒன்றைச் சேர்த்ததும் இந்த மருந்து போதாது என்பது தெரிந்துவிடும். பாத்திரம் நொடிக்கு 600 பிக்சல் வேகத்தில் மேலே எழும்புகிறது, ஈர்ப்பு அந்த வேகத்தை நொடிக்கு 1500 வீதம் குறைக்கிறது என்று கொள்வோம். பள்ளி இயற்பியலின்படி அது எட்டும் உயரம் 120 பிக்சல். நிரலோ தொடர்ச்சியாகக் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வேகத்தைக் குறைத்து, குறைந்த வேகத்தில் அந்தச் சுற்று முழுவதும் நகர்த்துகிறது. இப்படிக் கூட்டிப் பார்த்தால், நொடிக்கு 60 சுற்றுகள் ஓடும் கணினியில் உச்சி 115 பிக்சலிலும், 30 சுற்றுகள் ஓடும் கணினியில் 110 பிக்சலிலும் அமைகிறது. 112 பிக்சல் உயரத்தில் ஒரு மேடையை வைத்துப் பாருங்கள்: வேகமான கணினி வைத்திருப்பவர் அதில் ஏறிவிடுவார், பழைய கணினி வைத்திருப்பவர் எத்தனை முறை முயன்றாலும் ஏற முடியாது. அவருடைய விரல்களில் ஒரு குறையும் இல்லை.

இதற்குத் தீர்வாக ஓர் உண்டியலை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் கழிந்த நேரத்தை உண்டியலில் போடுகிறோம். அதில் நொடியின் 120-இல் ஒரு பங்கு சேரும்போதெல்லாம் அதை வெளியே எடுத்து, இயக்கக் கணக்கை ஒருமுறை செய்கிறோம். மீதி அடுத்த சுற்றுக்கு உண்டியலிலேயே கிடக்கும். 30 சுற்றுகள் ஓடும் கணினியில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை கணக்கு நடக்கும், 60 ஓடுவதில் இரண்டு முறை. 144 ஓடுவதில் ஆறு சுற்றுகளில் ஐந்தில் மட்டும் நடக்கும். ஒவ்வொரு கணக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்துண்டு எங்கும் ஒரே அளவு என்பதால் உச்சியும் எங்கும் 117.5 பிக்சல்தான், மேடையில் எல்லோரும் ஏறலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கணினி சில நொடிகள் திணறினால் உண்டியல் நிரம்பி, அத்தனை கணக்கையும் ஒரே சுற்றில் செய்யப் போய் மேலும் திணறும். அதனால் ஒரு சுற்றில் சேர்க்கும் நேரத்துக்கு, கால் நொடி போல, ஒரு வரம்பு வைப்பது நல்லது.

மோதலைக் கண்டறிவது இதைவிட எளிது. ஒவ்வொரு பொருளையும் ஒரு செவ்வகமாகக் கருதினால், ஒன்று மற்றொன்றுக்கு முழுவதும் இடப்புறமோ வலப்புறமோ மேலேயோ கீழேயோ இருந்தால் மோதல் இல்லை. நான்கில் எதுவும் இல்லையென்றால் மோதல் நடந்திருக்கிறது. வீரரின் செவ்வகத்தைப் படத்தைவிடச் சற்றுச் சிறியதாக வைக்குமாறு பரிந்துரைப்பேன். தலைமுடியின் நுனியில் தோட்டா உரசியதற்காக ஓர் உயிர் பறிபோனால் யாருக்கும் நியாயமாகத் தோன்றாது. பட்டதா இல்லையா என்பதோடு எங்கே பட்டது என்பதையும் கேட்டால் விளையாட்டு உயிர்பெறும். 1972-இல் அட்டாரி வெளியிட்ட, மட்டையால் பந்தை அடித்தாடும் ‘பாங்’ விளையாட்டை, நுண்செயலியோ நிரலோ இல்லாமல் வெறும் மின்சுற்றுகளால் அமைத்த ஆலன் ஆல்கார்ன், மட்டையை எட்டுத் துண்டுகளாகப் பிரித்து, பந்து படும் துண்டைப் பொறுத்துத் திரும்பும் கோணம் மாறுமாறு செய்தார். வெறுமனே தடுத்து ஆடிய ஆட்டம் அதனால் குறிபார்த்து ஆடும் ஆட்டமானது.

வேகமான தோட்டாவிடம் இந்தச் செவ்வகக் கணக்கும் ஏமாந்துபோகும். 4 பிக்சல் நீளமுள்ள தோட்டா நொடிக்கு 1800 பிக்சல் வேகத்தில் பறந்தால், அறுபதில் ஒரு பங்கு நொடிக்கு 30 பிக்சல் தாண்டும். சுவர் 100-இல் தொடங்கி 120-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஃபிரேமில் தோட்டா 95-க்கும் 99-க்கும் இடையில் இருக்கிறது. அடுத்த ஃபிரேமில் 125-க்கும் 129-க்கும் இடையில் இருக்கிறது. இரண்டு தருணங்களிலும் அது சுவரைத் தொடவில்லை என்பதால், சுவர் இல்லாததுபோலக் கடந்துவிடுகிறது. மேலே சொன்ன 120-இல் ஒரு பங்கு கணக்கில் ஒரு முறை தாண்டும் தூரம் 15 பிக்சலாகக் குறைந்து, இந்தச் சுவரில் தோட்டா பிடிபடும். 8 பிக்சல் சுவர் என்றால் மறுபடி தப்பும். ஆகவே தோட்டாவை ஒரு புள்ளியாகப் பார்க்காமல், புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச்சேர்ந்த இடம்வரை நீண்ட ஒரு கோடாக, இந்த எடுத்துக்காட்டில் 95 முதல் 129 வரை, எடுத்துக்கொண்டு, அந்தக் கோடு சுவரை வெட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டினால், தோட்டாவைச் சுவரின் விளிம்பான 100-இல் நிறுத்தி, அங்கேயே வெடிக்கச் செய்யலாம்.