மையத்தை நாடுவதும் மையத்தை விட்டோடுவதும்

இடைநிலைப் பள்ளி இயற்பியலில் மலாயில் 'டாயா மெமுசாட்' என்று படிப்பது தமிழில் மையநோக்கு விசையா, மையவிலக்கு விசையா என்று பினாங்கில் படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பத்து ஃபெரிங்கி சாலையின் வளைவுகளில் பேருந்து திரும்பும்போதெல்லாம் உடல் வெளிப்புறம் சாய்வதை உணர்பவருக்கு 'விலக்கு' என்பதே பொருத்தமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

விடை, மையநோக்கு விசை. நேர்கோட்டில் செல்ல முனையும் உடலை இருக்கையும் பேருந்தின் பக்கச்சுவரும் வளைவின் உட்புறமாகத் தள்ளுகின்றன. பேருந்துக்குள் இருந்தபடியே கணக்கிடுபவருக்கு மட்டுமே மையவிலக்கு விசை தேவைப்படுகிறது.

ஆயினும் முதலில் பெயர் பெற்றது மையவிலக்கு விசைதான். ஊசற்கடிகாரத்தைப் பற்றி 1673இல் வெளியிட்ட நூலில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ், 'ஓடிப்போதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். 1684இல் நியூட்டன் அந்தச் சொல்லை மனத்திற்கொண்டே, 'நாடுதல்' எனப் பொருள்படும் வினையைச் சேர்த்து எதிர்ச்சொல்லை உருவாக்கினார். இரண்டு பெயர்களுக்கும் பொதுவான, மையத்தைக் குறிக்கும் இலத்தீன் 'சென்ட்ரும்' கிரேக்கத்தின் 'கென்ட்ரோன்' என்பதிலிருந்து வந்தது. எருதை ஓட்டும் தாற்றுக்கோலின் முள்ளைக் குறித்த அச்சொல், பின்னர்க் கவராயத்தின் ஊன்றிய முனைக்கும், அம்முனை பதியும் புள்ளிக்கும் ஆகிவந்தது. அதே சொல் சோதிடத்துடன் இந்தியாவுக்கு வந்து வடமொழியில் 'கேந்திர'மாயிற்று. சாதகத்தில் கேந்திர ஸ்தானம் பார்ப்பவர்கள் உச்சரிப்பது கிரேக்க வடிவியல்.

நியூட்டனின் புதுப்பெயருக்குப் பின்னால் இருந்த எண்ணம், வட்டத்தில் சுற்றுவதும் ஒருவகை விழுதலே என்பது. புவியின் மேற்பரப்பருகே கைவிடப்பட்ட பொருள் முதல் வினாடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் விழுகிறது. நிலவு புவியின் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு தொலைவில் இருப்பதால், அங்கே ஈர்ப்பு 60இன் வர்க்கமான 3,600 மடங்கு குறைந்து, ஒரு வினாடியில் அது விழும் அளவு 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகிறது. அதே வினாடியில் நிலவு பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நகர்கிறது. ஈர்ப்பே இல்லாமல் அத்தொலைவை அது நேர்கோட்டில் கடந்திருந்தால் 3,84,400 கிலோமீட்டர் ஆரமுள்ள தன் வட்டத்தை விட்டு எவ்வளவு விலகியிருக்கும் என்று வடிவியலைக் கேட்டால், அதுவும் அதே 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்றே வருகிறது! விலகிய அளவு விழுந்துவிடுவதால் புவிக்கும் நிலவுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது. இந்தக் கணக்கை மாணவர்கள் ஒருமுறையேனும் தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். சூத்திரத்தை மனனம் செய்வதில் இந்த மகிழ்ச்சி கிடைக்காது.

ஈர்ப்பு என்னும் தமிழ்ச்சொல் இழுக்கும் செயலைச் சொல்ல, ஆங்கிலமும் மலாயும் எடுத்துக்கொண்ட 'கிராவிட்டி', 'கிராவிஸ்' என்னும் இலத்தீன் சொல்வழியே கனத்தைச் சொல்கிறது. கனமானது என்னும் பொருளில் வடமொழி 'குரு'வும் அதே மூலத்தில் பிறந்ததுதான். இதைக் கேட்டவுடன், கோள்களில் மிகப் பெரிய நிறையுடைய வியாழனுக்கு முன்னோர் அறிந்தே குரு என்று பெயரிட்டனர் என்பார் உண்டு. அப்பெயர் தேவர்களின் ஆசிரியரான பிரகஸ்பதியைக் குறித்து வந்ததேயன்றி, நிறையை அளந்து வைத்ததன்று. கடலைப் பொங்கவைக்கும் நிலவைப்போல வியாழனும் மனிதரை அசைக்கும் எனக் குருப்பெயர்ச்சிக் காலத்தில் அறிவியலின் பெயரால் சொல்வதும் நிற்காது. கடலைப் பொங்கவைக்கும் ஓதவிசை தொலைவின் மும்மடிக்கேற்பக் குறைவதால், புவியின் 318 மடங்கு நிறையிருந்தும், மிக அருகில் வரும்போதுகூட வியாழனின் ஓதவிசை நிலவினுடையதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை.