பல்துறைப் பயிற்சியா, பல்தொழிலர் கூட்டாண்மையா?

வழக்கறிஞரும் ஆடிட்டரும் ஒரே நிறுவனத்தில் பங்குதாரர்களாகி, வரும் கட்டணத்தைப் பிரித்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் 'மல்டிடிசிப்ளினரி பிராக்டிஸ்' என்று பெயர். அதைப் 'பல்துறைப் பயிற்சி' என்று தமிழில் எழுதுகிறார்கள். மூன்றாவது முறை கண்ணில் பட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'டிசிப்ளின்' லத்தீன் வழி வந்தது, மாணவனைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு. 'பிராக்டிஸ்' கிரேக்க வேர், 'செய்தல்' என்று பொருள். வேர்க்கதை அவ்வளவுதான்.

சீனியரிடம் ஜூனியராக இருப்பதுதான் பயிற்சி. 'முப்பது ஆண்டுகளாகப் பயிற்சி செய்யும் வழக்கறிஞர்' என்று படித்தால், பாவம், இன்னும் சீனியரின் கேஸ் கட்டு தூக்கிக்கொண்டிருக்கிறாரோ என்று தோன்றாதா? 'தொழில் புரிகிறார்' என்று எழுத ஏன் கை வருவதில்லை? அகராதியின் முதல் பொருளோடு நிறுத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்ல!

சரி, 'பல்துறைக் கூட்டாண்மை' என்பவர்களும் உண்டு. கூட்டாண்மை இங்கே பழகிய சொல். பார்ட்னர்ஷிப் பற்றிய 1932ஆம் ஆண்டுச் சட்டத்தையே அப்படித்தான் சொல்கிறோம். (இலங்கையில் இதற்குப் பங்குடைமை என்பார்கள்.) என் சண்டை துறையோடு. சிவில், கிரிமினல், வரி என்று மூன்று வழக்கறிஞர்கள் சேர்ந்தாலும் அது பல்துறைதானே? அதை யாரும் தடுக்கவில்லை. வழக்கறிஞர் அல்லாதவரோடு கூட்டாண்மையோ ஊதியப் பகிர்வோ கூடாது என்பதுதான் இந்திய பார் கவுன்சில் விதி. கோடு தொழிலுக்கும் தொழிலுக்கும் நடுவே விழுகிறது. நெதர்லாந்து வழக்கறிஞர் மன்றம் கணக்காளர்களோடு கூட்டு வேண்டாம் என்று விதித்த தடையை ஐரோப்பிய நீதிமன்றம் 2002இல் ஏற்றதும் இதனால்தான். கட்சிக்காரர் சொன்னதை வெளியே விடாமலிருப்பது வழக்கறிஞர் கடமை. கணக்கில் கண்டதை அறிக்கையில் சொல்வது தணிக்கையாளர் கடமை. இரண்டும் ஒரே கூரைக்குள் ஒத்துப்போகுமா? இங்கிலாந்து 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமம், கண்காணிப்பு என்று நிபந்தனை போட்டு வழிவிட்டது. 'துறை' என்று எழுதினால் இந்தத் தகராறு எதைப் பற்றியது என்றே வாசகருக்குத் தெரியாது.

ஆகவே 'தொழில்'. ஆனால் 'பல்தொழில்' என்றால் மளிகைக்கடையும் ரைஸ்மில்லும் வைத்திருப்பவர் நினைவுக்கு வருகிறார். அதற்காக ஓர் 'அர்' சேர்த்து, 'பல்தொழிலர் கூட்டாண்மை' என்கிறேன். நண்பரான வழக்கறிஞர் ஒருவரிடம் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யூனியன் ஏதாவது ஆரம்பிக்கிறீங்களா சார்?" என்றார்.