லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? பழுது பார்க்கும் மேசையிலிருந்து சில வார்த்தைகள்

"டச்பேடை அழுத்தினால் கிளிக் ஆக மாட்டேன் என்கிறது சார். வேறு ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லித்தான் அந்த அம்மா லேப்டாப்பை என் மேசையில் வைத்தார். வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதும் வேலை அவருக்கு. வைத்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. சமமான மேசையில் அது நேராக உட்காரவில்லை. ஒரு மூலையைத் தொட்டால் எதிர்மூலை ஆடியது. அடிமூடியின் திருகுகளைக் கழற்றக் கழற்ற, மூடி தானாகவே மேலே எழும்பி வந்தது. உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

"இதை எங்கே வைத்து வேலை செய்வீர்கள் மேடம்?"

"மேசை மேல்தான். சார்ஜர் எப்போதும் போட்டபடியே இருக்கும்."

"வெளியே எடுத்துப் போவீர்களா?"

கொஞ்சம் யோசித்தார். "வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஒரே ஒரு தடவை பயணத்தில் எடுத்துப் போயிருக்கிறேன்."

மூன்று வருஷத்தில் ஒரு பயணம். மற்ற நாளெல்லாம் அந்த லேப்டாப் ஒரு டெஸ்க்டாப்பாகத்தான் வேலை பார்த்திருக்கிறது. ஆனால் லேப்டாப்புக்கு உள்ள பலவீனங்கள் மட்டும் அப்படியே கூடவே இருந்திருக்கின்றன.

கணினி விற்பவர்கள் அதன் முதல் நாளைப் பார்க்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் மூன்றாவது, நான்காவது வருஷத்தைப் பார்க்கிறோம். அதனால்தான், எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இரண்டு கேள்விகள் திருப்பிக் கேட்பேன். போன மாதம் எத்தனை நாள் கணினியோடு வீட்டை விட்டோ அலுவலகத்தை விட்டோ வெளியே போக வேண்டியிருந்தது? அப்புறம், இதில் ஒரு பாகம் பழுதானால் கூடவே வேறு எந்தெந்தப் பாகம் போகும்? முதல் கேள்வியை எல்லோரும் ஓரளவு யோசிக்கிறார்கள். இரண்டாவதை யாருமே யோசிப்பதில்லை.

பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன் வகை. பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளில் (முழுக்க ஏற்றி முழுக்கத் தீர்ப்பது ஒரு சுற்று) அதன் கொள்ளளவு 80 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். சில நல்ல பேட்டரிகள் 1000 சுற்று வரை தாங்கும். "நான்தான் பேட்டரியையே பயன்படுத்துவதில்லையே, எப்போதும் கரண்டில்தானே ஓட்டுகிறேன்" என்பார்கள். சிக்கலே அங்குதான். முழு சார்ஜில் வைத்துக்கொண்டே சூட்டிலும் வைப்பதுதான் இந்த வகை பேட்டரிக்கு ஆகாத விஷயம். உள்ளே வாயு சேர்ந்து உப்புவதற்கு முக்கியக் காரணமே அதுதான். உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, மறுபடி சார்ஜ் போடவோ கூடாது, தீப்பிடிக்கலாம். இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உப்பிய பேட்டரியை விரலால் அமுக்கிச் சரிசெய்யப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

அடுத்தது சூடு. லேப்டாப், டெஸ்க்டாப் இரண்டின் அட்டையிலும் ஐ7 என்று ஒரே ப்ராசஸர் பெயர் (ப்ராசஸர்தான் கணினியின் மூளை) இருப்பதைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். மெல்லிய லேப்டாப்புகளில் வரும் யு வகை ப்ராசஸர் சுமார் 15 வாட்டுக்கும், ஹெச் வகை சுமார் 45 வாட்டுக்கும் வடிவமைக்கப்பட்டவை. பெரும்பாலான டெஸ்க்டாப் வகைகள் 65 வாட்டிலிருந்து 125 வாட் வரை போகும். படம், வீடியோ வேலைகளைக் கவனிக்கும் கிராஃபிக்ஸ் கார்டில் வித்தியாசம் இன்னும் பெரியது. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் டெஸ்க்டாப்புக்கு வந்த கார்டு 450 வாட் வரை எடுக்கும். அதில் 24 ஜிபி நினைவகம். அதே பெயரில் லேப்டாப்புக்கு வந்ததில் 16 ஜிபிதான், உள்ளே இருக்கும் சில்லுகூட வேறு. வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் "முதல் ஐந்து நிமிஷம் பறக்கிறது, அப்புறம் தவழ்கிறது" என்று புகார் சொல்லி வருவார்கள். சாஃப்ட்வேர் கோளாறு என்று நினைத்து இரண்டு தடவை விண்டோஸ் மாற்றிப் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால், ஃபேனுக்கும் செம்புக் குழாயின் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பிலும் தூசி சேரும், ஆனால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி நீங்களே துடைத்துவிடலாம்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. கீபோர்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் என்றால் கீபோர்டை எறிந்துவிட்டு வேறொன்று செருகினால் வேலை தொடரும். லேப்டாப்பில் கீபோர்டுக்கு நேர் கீழே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு இருக்கிறது. கொட்டியதும் உடனே அணைத்துக் கவிழ்த்து வைத்தவர்களின் லேப்டாப் பலமுறை பிழைத்திருக்கிறது. "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்து பார்த்தவர்களுடையது பெரும்பாலும் பிழைப்பதில்லை.

கீல் உடைவதும் இப்படித்தான். திரையைத் தாங்கும் கீலின் திருகுகள் பல மாடல்களில் பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னச் சின்னப் பித்தளை மரைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மூலையைப் பிடித்தே தினமும் திறந்தால், பிளாஸ்டிக் வெடித்து மரை கையோடு வந்துவிடும். நடுவில் பிடித்துத் திறங்கள். இதை வாங்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை.

ரேம், அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம், அந்த விஷயம் எனக்கு மனம் கஷ்டப்படும் இடம். கல்லூரிக்குப் போகும் மாணவர்கள் 8 ஜிபி லேப்டாப் வாங்கிவிட்டு, இரண்டாம் வருஷம் பெரிய மென்பொருள்கள் தேவைப்பட்டதும் "16 ஆக்கிக் கொடுங்கள் அண்ணா" என்று வருகிறார்கள். திறந்தால் ரேமைச் செருகும் ஸ்லாட்டே இருக்காது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டோடு சேர்த்தே சாலிடர் செய்துவிடுகிறார்கள். "முடியாது தம்பி" என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பே ரேமுக்கு ஸ்லாட் உண்டா, எத்தனை ஜிபி வரை ஏற்றலாம் என்று அந்த மாடலின் எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஸ்லாட் இல்லாவிட்டால், கடைசி வருஷம் வரை தேவைப்படும் அளவை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

டெஸ்க்டாப்பில் எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட், அதாவது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம். 2017-இல் அந்த நிறுவனத்தின் முதல் ரைசன் ப்ராசஸர் வந்தபோது வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் பொருத்த முடிந்தது. லேப்டாப்பில் இப்படி நினைத்தே பார்க்க முடியாது.

சரி, அதற்காக லேப்டாப்பே வேண்டாமா? அப்படி இல்லை. விடுதி மாணவர்கள், வாரம் ஒரு இடத்தில் வேலை செய்கிறவர்கள், சின்ன அறையில் நாலு பேரோடு இருப்பவர்கள் டெஸ்க்டாப் வாங்கினால் அது மூலையில்தான் கிடக்கும். கரண்ட் போனால் லேப்டாப் தானாகவே பேட்டரிக்கு மாறிவிடும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் சேமிக்காத வேலை போய்விடும், சில சமயம் ஃபைலே கெட்டுவிடும். மின்சாரமும் லேப்டாப்புக்குக் குறைவு. டெஸ்க்டாப் வாங்குகிறவர்கள் மறக்கும் இன்னொன்று: கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் தனி. சில மதர்போர்டுகளில் வைஃபைகூட இருக்காது.

இரண்டுக்கும் நடுவில் மினி பிசி என்று ஒன்று வருகிறது. கையகலப் பெட்டி, பெரும்பாலும் லேப்டாப் ப்ராசஸர், ஆனால் உப்புவதற்குப் பேட்டரி இல்லை. பில் போடுவது, கணக்கு, படிப்பு ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். திரைக்குள்ளேயே கணினி இருக்கும் ஆல்-இன்-ஒன் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. திரை போனால் கணினியும் போகும், கணினி போனால் நல்ல திரையும் வீண்.

பழைய கணினி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புப் புதுப்பிப்புகள்) 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசஸர் வேண்டும். விலை குறைவு என்று ஆறாவது, ஏழாவது தலைமுறையை வாங்கிவிடாதீர்கள்.

அந்த அம்மாவுக்குப் புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தேன். உடனே வேறு கணினி வாங்கும் நிலையில் அவர் இல்லை, வாங்கவும் சொல்லவில்லை. அமைப்புகளில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி வைத்தேன். பெரும்பாலான புது லேப்டாப்புகளில் இந்த வசதி உண்டு. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை உயர்த்தி வைத்து, தனிக் கீபோர்டும் மவுஸும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது. எட்டு மணி நேரம் கணக்கு எழுதுகிறவருக்குக் கழுத்து முக்கியம்.

உங்கள் லேப்டாப்பும் மாதக்கணக்கில் சார்ஜரோடுதான் கிடக்கிறது என்றால், இதைப் படித்து முடித்ததும் அதை மூடி ஒரு சமமான மேசையில் வையுங்கள். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஆடினாலோ, டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ, மூடியும் அடிப்பாகமும் சேரும் இடத்தில் புதிதாக இடைவெளி தெரிந்தாலோ அணைத்துவிட்டுச் சார்ஜரைக் கழற்றுங்கள். மறுபடி செருகாமல் சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள்.