மனசாட்சி: சொல்லும் அதற்கான தமிழும்

தமிழ்நாட்டில் அமைச்சரவை பதவியேற்பை நேரலையில் பார்த்தவர்களுக்கு அந்த வாசகம் பாதி மனப்பாடமாகவே இருக்கும். "உண்மையாகவும் உளச்சான்றின்படியும் என் கடமைகளை நிறைவேற்றுவேன்" என்று ஒவ்வொருவராக மைக் முன் வந்து படித்துவிட்டுப் போவார்கள். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறுதிமொழியின் தமிழ் அது. அதே அமைச்சரை மறுவாரம் எதிர்க்கட்சிக்காரர் மேடையில் திட்டும்போது "உளச்சான்று இருக்கிறதா?" என்று கேட்க மாட்டார். "மனசாட்சி இருக்கா?" என்றுதான் கேட்பார். ஏட்டில் ஒரு சொல், வாயில் ஒரு சொல். இரண்டுக்கும் முந்திய மூன்றாவது சொல் ஒன்றும் தமிழில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பொருள். தான் செய்ததோ செய்யப்போவதோ சரியா தப்பா என்று யாரும் கேட்காமலே ஒருவருக்குள் எழும் அறிவுக்கு மனசாட்சி என்று பெயர். அது நம் பேச்சில் என்னென்ன செய்கிறது என்று பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். உறுத்தும், குத்தும், இடம் கொடுக்காது. சத்தியம் வாங்க அதைத் தொட்டுச் சொல்லச் சொல்வார்கள். ஆகாதவர் அதை அடகு வைத்துவிட்டார் என்பார்கள். அரசியலில் அதற்கு ஓட்டே உண்டு. 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியோ கட்சியினரை மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார். வி.வி.கிரி ஜெயித்தார், சில மாதங்களில் கட்சி உடைந்தது. யாருடைய மனசாட்சி என்ற கேள்வியை அன்றைக்கே பலர் கிண்டலாகக் கேட்டிருப்பார்கள்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. மனஸ் என்பதோடு ஸாக்ஷி சேர்ந்தது. அக்ஷி என்றால் கண். ஸாக்ஷி என்றால் கண்ணோடு கூடியவன், அதாவது கண்ணால் கண்டவன். பக்ஷி பட்சி ஆனதுபோல, லக்ஷம் லட்சம் ஆனதுபோல ஸாக்ஷி சாட்சி ஆனது. மீனாட்சி, விசாலாட்சி என்ற பெயர்களில் இருப்பதும் இதே கண்தான். தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றிலும் இதே கூட்டுச்சொல் புழங்குகிறது. இந்தி அரசமைப்பு 'அந்தக்கரணம்' என்று வேறு வழியில் போகிறது.

எழுத்தில் ஒரு சின்ன தகராறு உண்டு. மனசாட்சியா, மனச்சாட்சியா? தமிழ்ப் பைபிளும் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழ் வடிவமும் 'மனச்சாட்சி' என்கின்றன. பேச்சில் வல்லெழுத்து மிகுவதில்லை. இரண்டையும் ஏற்கலாம், இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

சாட்சி என்பது நீதிமன்றச் சொல் என்பதைக் கவனிக்க வேண்டும். மனு நூலின் எட்டாம் அத்தியாயத்தில், சாட்சி சொல்ல வந்தவனைப் பார்த்து நீதிபதி சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று வருகிறது. தனக்குத் தானே சாட்சி, மனிதர்களுக்கு மேலான சாட்சியான அந்தத் தன்னை அவமதிக்காதே என்பது அதன் சாரம். வழக்கு நடக்கும் இடத்தில், பொய்ச் சாட்சிக்காரனைத் தடுக்கச் சொன்ன பேச்சு அது. வெளியே நின்ற சாட்சியை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் வேறு கதை. கான்ஷியன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் 'கூட அறிதல்'. இன்னொருவரோடு சேர்ந்து ஒன்றை அறிந்திருப்பது, பிறகு தன்னோடு தானே அறிந்திருப்பது என்று பொருள் நகர்ந்தது. மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்பில் இந்தச் சொல் நுழைந்த விதம் சுவையானது. வரைவுக் குழுவில் சீனப் பிரதிநிதியாக இருந்த பி.சி.சாங், பகுத்தறிவு மட்டும் போதாது என்று கன்பூசிய மரபின் 'ரென்' என்ற கருத்தைச் சேர்க்கச் சொன்னார். அந்த எழுத்தில் 'மனிதன்' என்ற குறியும் 'இரண்டு' என்ற குறியும் சேர்ந்திருக்கும். இன்னொருவரையும் உணர்ந்திருக்கும் மனம் என்பது அதன் கருத்து. அதற்குப் பொருத்தமான சொல் கிடைக்காமல் 'கான்ஷியன்ஸ்' என்று போட்டார்கள். 1948இல் வெளியான அந்த வாசகத்தின் தமிழில், மனிதர்கள் "நியாயத்தையும் மனச்சாட்சியையும் இயற்பண்பாகப் பெற்றவர்கள்" என்று இருக்கிறது. சீனத்தில் புறப்பட்ட கருத்து, லத்தீன் வழியே வந்து, வடமொழிச் சொல்லில் தமிழ் பேசுகிறது.

சரி, தமிழில் என்ன இருந்தது?

சாட்சிக்குப் பழந்தமிழ்ச் சொல் 'கரி'. "இந்திரனே சாலுங் கரி" என்று குறளில் வருகிறது. பொய்ச் சாட்சி சொன்னவன் நிழலுக்கு ஒதுங்கிய மரம்கூட வாடிவிடும் என்பது கலித்தொகைக் காலத்து நம்பிக்கை: "கரிபொய்த்தான் கீழிருந்த மரம்போல". அகநானூறு 256ஆம் பாட்டில் ஒரு வழக்கே நடக்கிறது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். அவையத்தார் 'அறிகரி'யை, அதாவது அறிந்த சாட்சியை விசாரிக்கிறார்கள். குட்டு வெளிப்படுகிறது. அவனை மரக்கிளையோடு இறுக்கிக் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அவையில் எழுந்த ஆரவாரம் பாட்டில் கேட்கிறது.

இந்தக் கரி, நெஞ்சுக்குள் போகும் இடமும் கலித்தொகையில்தான் இருக்கிறது. நெய்தற்கலிப் பாட்டொன்று, பார்த்தவர் யாருமில்லை என்று நினைத்துத் தப்புச் செய்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. தம் நெஞ்சறிந்த கொடுமைகளை அவர்கள் மறைத்தாலும் பயனில்லை. ஏன்? "நெஞ்சத்துக் குறுகிய கரியில்லை ஆகலின்". நெஞ்சைவிடக் கிட்டத்தில் இருக்கும் சாட்சி கிடையாது. மனசாட்சி என்ற சொல் சொல்ல வருவதை இந்த வரி ஏற்கெனவே முழுதாகச் சொல்லிவிட்டது.

கரி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் ஊகம் எளியது. அடுப்புக் கரியும் யானையைக் குறிக்கும் கரியும் அதே ஒலியில் நின்று இடத்தை அடைத்துக்கொண்டன. இன்றைக்கு 'உளக்கரி' என்று யாராவது புதிதாகப் படைத்தால் உள்ளம் கருகிப்போனதாகத்தான் எண்ணுவோம். அந்த இடத்தைச் 'சான்று' பிடித்தது. 'சால்' என்ற வினையிலிருந்து வருவது அது. நிறைதல், அமைதல், போதுமானதாதல் என்று பொருள். மேலே சொன்ன குறளில் 'சாலும்' என்று கரிக்கு முன்னால் நிற்பதும் இந்த வினைதான். சான்றோர், சான்றாண்மை எல்லாம் இதே குடும்பம். ஸாக்ஷி கண்ணிலிருந்து பிறந்தது, சான்று நிறைவிலிருந்து பிறந்தது. உளம் சேர்ந்து உளச்சான்று, மனம் சேர்ந்து மனச்சான்று. அரசமைப்பின் 25ஆம் உறுப்பு தரும் மனசாட்சி உரிமையைத் தமிழில் 'உளச்சான்றுச் சுதந்திரம்' என்று சொல்வதும் இப்படித்தான்.

ஆனால் பழைய நூல்கள் பெரும்பாலும் இப்படி எதையும் ஒட்டவில்லை. வெறும் 'நெஞ்சு' என்றே சொல்லின. "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்." அறிவதும் நெஞ்சு, சுடுவதும் நெஞ்சு. பரிமேலழகர் இந்தக் குறளுக்கு உரை சொல்லும்போது நெஞ்சு 'கரியாய் நின்று' துன்பம் தரும் என்கிறார், மேலே சொன்ன கலித்தொகை வரியையும் எடுத்துக்காட்டுகிறார். சாட்சி பார்த்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். தீர்ப்பும் தண்டனையும் வேறு ஆட்கள் வேலை. நெஞ்சு மூன்று வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

சிலப்பதிகாரத்தின் பொற்கைப் பாண்டியன் கதை இதற்கு நேர்ச்சான்று. மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் சொல்லும் கதை அது. கீரந்தை என்பவன் மனைவியை வீட்டில் விட்டு வெளியூர் போகிறான். அரசனின் காவலைவிட நல்ல வேலி இல்லை என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். ஒருநாள் அரசனே அந்தக் கதவைத் தட்டுகிறான். அந்த வேலி இன்றைக்கு என்னைக் காக்காதா என்று உள்ளிருந்து குரல் வருகிறது. காதில் பழுக்கக் காய்ச்சிய ஆணி இறங்கியதுபோல் இருந்தது என்கிறார் இளங்கோவடிகள். "நெஞ்சஞ் சுடுதலின் அஞ்சி நடுக்குற்று" தட்டிய கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். வழக்குப் போட ஆளில்லை, விசாரிக்க அவனுக்கு மேல் ஒருவர் இல்லை. குறளில் வரும் அதே 'சுடுதல்' இங்கும் வருவதைப் பார்க்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நாம் ஏன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம்? "அச்சமே கீழ்களது ஆசாரம்" என்று குறள் ஒரே போடாகப் போடுகிறது. மீதி கொஞ்சம் இருந்தால் அது ஆசை என்கிறது அடுத்த அடி. நம் ஊர் சிக்னலில் இதற்கு உரை கிடைக்கும். பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு வந்த ஹெல்மெட், வெள்ளைச் சட்டை போலீஸ்காரர் கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறும். அடுத்த திருப்பத்தில் மறுபடி கண்ணாடிக்கு இறங்கும். அபராதம் 1,000 ரூபாய் என்பதுதான் அங்கே பேசுகிறது, மண்டை உடையும் என்பது பேசவில்லை.

ஆனால் எல்லாரும் எப்போதும் பயத்தால்தான் நடக்கிறார்கள் என்றால் ஊருக்குப் பாதிப் பேர் போலீஸாக இருக்க வேண்டியிருக்கும். 1984இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் டாம் டைலர் என்ற உளவியலாளர் 1,575 பேரிடம் இதைக் கேட்டார். வேகமாக ஓட்டுவது, கண்ட இடத்தில் வண்டி நிறுத்துவது, குப்பை போடுவது, கடையில் திருடுவது போன்ற அன்றாட விஷயங்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைவிட, அது தப்பு என்ற சொந்த உணர்வும், சட்டத்தை நடத்துகிறவர்கள் நியாயமாக நடத்துகிறார்கள் என்ற எண்ணமுமே மக்களைக் கட்டுப்படுத்துவதாக அவர் கண்டார். பைபிளில் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்திலும் இதே பாகுபாடு உண்டு. தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, "மனச்சாட்சியினிமித்தமும்" ஆள்வோருக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறார்.

அந்தச் சொந்த உணர்வு எங்கிருந்து வருகிறது? மனித உரிமைப் பிரகடனம் சொல்வதுபோல் அது பிறவியிலேயே இருக்கிறது என்பதை நான் பாதிதான் ஏற்பேன். உறுத்தும் திறன் பிறவியில் இருக்கலாம். எதற்கு உறுத்த வேண்டும் என்பதை வீடும் தெருவும் சாதியும் பள்ளிக்கூடமும் கற்றுத் தருகின்றன. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதில் தொடங்கி, அந்த நாலு பேரும் இல்லாதபோதும் கூசுவதில் போய் முடிகிறது. பழந்தமிழ் இந்தக் கூச்சத்தை 'நாண்' என்று தனியே வைத்திருந்தது.

கற்றுத் தந்தது தப்பாக இருந்தால்? 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட சிலரை வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனார். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் நாடார்களுக்கும் அதுவரை மூடியிருந்த வாசல் அது. வழக்கமும் சட்டமும் அப்போது எதிர்ப்பக்கம் நின்றன. அழைத்துப் போனவர்கள் மேல் வழக்குப் பாயாமல் இருக்க, ராஜாஜி அரசு அந்த ஆண்டே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே கோயிலில், தீட்டுப்பட்டுவிட்டது என்று பூசை செய்ய மறுத்த பட்டர்களும் இருந்தார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் அவர்களும் மனசாட்சியைத்தான் சொல்லியிருப்பார்கள். சாட்சி பொய் சொல்லவில்லை, பார்க்கப் பழக்கப்பட்டதை மட்டும் பார்த்தது. 1950இல் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தபோது, சட்டம் பலருடைய நெஞ்சுக்கு முன்னால் நடந்தது. அது தப்பு என்று கூசக் கற்றுக்கொண்ட தலைமுறை பின்னால் வந்தது, இன்னும் முழுதாக வந்துசேரவில்லை.

எந்தச் சொல்லை எங்கே எழுதலாம் என்று கேட்டால் என் கணக்கு இது. சட்டம், பாடநூல், உறுதிமொழி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் உளச்சான்று பொருத்தமானது, பழகியும் வருகிறது. போர்க்களம் போக மறுப்பவரை 'உளச்சான்றால் மறுப்பவர்' என்றால் பொருள் சிதையாது. பேச்சிலிருந்தும் கதையிலிருந்தும் மனசாட்சியை விரட்ட வேண்டியதில்லை. "உளச்சான்று உறுத்துது" என்று எந்தக் கதாபாத்திரமும் பேசாது. ஆனால் 'உள்ளுணர்வு', 'தன்னுணர்வு' இரண்டையும் இதற்கு ஈடாகப் போடக் கூடாது. முன்னது காரணம் தெரியாமல் தோன்றுவது, பின்னது விழிப்பு நிலை. இரண்டிலும் சரி தப்பு என்ற பேச்சே இல்லை. கவிதையோ கட்டுரையோ எழுதுகிறவர்கள் நெஞ்சு என்ற சொல்லைக் காதலுக்கும் மாரடைப்புக்கும் மட்டும் ஒதுக்கிவிடாமல் இந்தப் பொருளிலும் எடுத்து ஆளலாம். 'நெஞ்சறியப் பொய் சொல்லாதே' என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் அகராதியைத் தேட மாட்டார்கள்.