பாங்காக் பிள்ளைகளின் தொண்ணூறு நாள் கணக்கு

காயல்பட்டினத்துக்காரர்கள் கல் வியாபாரத்துக்காகப் பாங்காக் போவது நேற்று இன்று தொடங்கியதல்ல. சீலோம் சாலைப் பக்கம் போனால் ரத்தினக்கல் கடைகளுக்கு நடுவே நம் பேச்சு காதில் விழும். விசா, ஒர்க் பெர்மிட் என்ற சொற்களெல்லாம் ஊரில் இருக்கும் தாய்மார்களுக்கும் பழகிப்போய்விட்டன. இந்தத் 'தொண்ணூறு நாள்' மட்டும் இன்னும் குழப்புகிறது. "ஒரு வருடத்துக்கு அனுமதி குத்திக் கொடுத்துவிட்டார்களே, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இமிகிரேஷனுக்கு எதற்குப் போகிறான்?" என்று எங்கள் லாத்தா (அக்கா) தன் மகனைப் பற்றிப் போன வாரம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

விசாவும் நீட்டிப்பும் அங்கே தங்குவதற்கான அனுமதி. தொண்ணூறு நாள் அறிவிப்பு என்பது 'நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று அரசுக்குச் சொல்வது, அவ்வளவுதான். அறிவிப்புக் கொடுத்ததால் தங்கும் காலம் ஒரு நாள்கூட நீளாது. தங்கும் அனுமதி இருக்கிறது என்பதற்காக அறிவிப்பை விடவும் முடியாது. தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் 37ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. (அவர்கள் அந்தச் சட்டத்தை 2522ஆம் ஆண்டுச் சட்டம் என்பார்கள், புத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழித்தால் நம் கணக்கு வரும்.) தற்காலிக அனுமதியில் தொடர்ந்து 90 நாளுக்கு மேல் தங்குகிறவர் டி.எம். 47 என்ற படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஒருமுறை. இதற்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஏஜெண்டு வாங்குவது அவருடைய நடைக்கூலி.

மூன்று மாதம் என்று மனக்கணக்குப் போடுவதில்தான் வழுக்கல் தொடங்குகிறது. கணக்கு 90 நாள். விமானம் இறங்கி முத்திரை வாங்கிய நாளே முதல் நாள். ஏப்ரல் 1ஆம் தேதி இறங்கியவருக்குத் தொண்ணூறாவது நாள் ஜூன் 29. அதற்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை அறிவிக்கலாம், அதாவது ஜூன் 14 முதல் ஜூலை 6 வரை. பின்னால் இருக்கும் அந்த ஏழு நாளை நம்பி உட்காரக் கூடாது. அதற்குள் விடுமுறை வந்துவிட்டால் ஓடுவதற்கு நாள் இருக்காது. அறிவித்தபின் கொடுக்கும் சீட்டில் அடுத்த தேதி இருக்கும். அந்தச் சீட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் இரண்டு வாரம் முன்கூட்டி ஒரு தாளில் வட்டம் போட்டு வைத்தால், கைப்பேசி மறந்தாலும் உம்மா மறக்கமாட்டார்.

நம் ஆட்கள் அதிகம் குழம்புவது ஊர் வந்து திரும்பும்போதுதான். பெருநாளுக்கு ஐந்து நாள் லீவில் வந்தாலும் சரி, தாய்லாந்தை விட்டு வெளியேறிய உடனே ஓடிக்கொண்டிருந்த கணக்கு அறுந்துபோகிறது. திரும்பி இறங்கும் நாளில் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பழைய சீட்டில் இருக்கும் தேதி அதற்கப்புறம் செல்லாது. அறிவிப்பு நாள் நெருங்கும் நேரத்தில் ஊருக்கு வர டிக்கெட் இருந்தால், அந்த முறை அறிவிப்பே தேவைப்படாமல் போகலாம். ஆனால் செந்தூர் எக்ஸ்பிரஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதற்கு முன்னால் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி நுழைவதற்கான அனுமதி, கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வெளியேறினால் ஒரு வருட நீட்டிப்பே ரத்தாகிவிடும். அந்தப் பெர்மிட்டுக்குக் கட்டணம் தாய்லாந்துப் பணத்தில் ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். திரும்பிப் போகும்போது 2025 மே மாதம் முதல் இணையத்தில் நிரப்பச் சொல்லும் வருகை அட்டை வேறு விஷயம். அதை நிரப்பியதும் தொண்ணூறு நாள் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அறிவிப்பதற்குத் தானே போக வேண்டும் என்பதில்லை. வேறொருவரிடம் பாஸ்போர்ட்டும் படிவமும் கொடுத்து அனுப்பலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம், இணையத்திலும் செய்யலாம். ஆனால் முதல் அறிவிப்புக்கும், பாஸ்போர்ட் புதிதாக மாற்றிய பிறகு வரும் அறிவிப்புக்கும் நேரில் போவதே வழி. பாங்காக்கில் இருப்பவர்களுக்கு அது சேங் வத்தனா அரசு வளாகம். இணையத்தில் செய்வதென்றால் கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும்; நிராகரித்துவிட்டால் நேரில் போக நாள் மிச்சம் இருக்கும்.

பலருக்கும் தெரியாத முட்டுக்கட்டை வீட்டுக்காரர் பக்கம் இருக்கிறது. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் டி.எம். 30 என்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும் என்கிறது 38ஆவது பிரிவு. திருநெல்வேலியில் வெளிநாட்டவருக்கு அறை கொடுக்கும் விடுதிக்காரர் அவர் விவரத்தை அரசுக்குப் பதிகிறாரே, அதைப் போன்றதுதான். அங்கே அதைச் செய்யாத வீட்டுக்காரர்கள் நிறைய உண்டு. முகவரி பதிவாகவில்லை என்று கவுன்டரில் திருப்பி அனுப்பும்போதுதான் பையனுக்கு விஷயமே தெரியவரும். தவறு வீட்டுக்காரருடையது, அலைச்சல் குடியிருப்பவருடையது. முன்பணம் கொடுக்கும் நாளிலேயே அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். வீடு மாறினாலும் தொண்ணூறாவது நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாறிய 24 மணி நேரத்துக்குள் புது முகவரியைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே 37ஆவது பிரிவுதான்.

நாள் தவறினால் ஜெயில், நாடு கடத்தல் என்று ஊரில் பேசுவது மிகை. தாமதமாகத் தானே போய் நின்றால் வழக்கமாக 2,000 பாட் அபராதம். அறிவிக்காமல் இருந்து பிடிபட்டால் 5,000 பாட் வரையிலும், அதன்மேல் நாளொன்றுக்கு 200 பாட் வரையிலும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தங்கும் அனுமதியே தீர்ந்தபின் இருப்பது இதைவிடப் பெரிய குற்றம்: நாளுக்கு 500 பாட், உச்சம் 20,000 பாட், 90 நாளைத் தாண்டிவிட்டால் தானாகப் போய்ச் சரணடைந்தாலும் ஓராண்டு நுழையத் தடை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் லாத்தா போன்றவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள்.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வாங்கியவர்களுக்கு இந்த அறிவிப்பு கிடையாது. 2022இல் வந்த எல்.டி.ஆர். என்ற நீண்டகால விசா வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தால் போதும். கடையில் வேலைக்குப் போன நம் பையன்கள் இந்த இரண்டிலும் வரமாட்டார்கள்.